பதினொரு பனைச் செடிகளுக்குத் தொட்டி மாற்ற உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வீட்டுக்குள் நான் வளர்த்துவரும் பதினொரு பனையினச் செடிகளையும் ஒரே நாளில் புதிய தொட்டிகளுக்கு மாற்றத் துணை நின்ற உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறேன். அன்று மாலை நீங்கள் கை கழுவிக்கொண்டு புறப்பட்டபோதே நன்றி சொன்னேன் என்றாலும், அது செடிகள் பிழைக்குமா என்று தெரியாத நேரத்தில் சொன்ன நன்றி. மூன்று மாதங்கள் கழிந்துவிட்ட இப்போது, யாருடைய கை எதைக் காப்பாற்றியது என்பதைத் தெரிந்து சொல்ல முடிகிறது.

முதலில் அடுத்த வீட்டு அம்மாவுக்கு. இன்னும் பல ஆண்டுகளுக்குத் தொட்டி மாற்ற வேண்டியிராது என்று எண்ணி, பழையவற்றைப்போல் இருமடங்கு அகலமான தொட்டிகளை நான் வாங்கி வைத்திருந்தேன். வேர் எட்டாத மண்ணில் ஊற்றிய நீரை உறிஞ்ச எதுவும் இல்லாததால் அது நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேரை அழுகச் செய்யும் என்றும், முந்தைய தொட்டியைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும் என்றும் நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அத்தனையையும் மாற்றி வாங்கிவர வைத்தீர்கள். அடியில் சரளைக்கல் பரப்புவதையும் தடுத்தீர்கள். மேலே உள்ள மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகுதான் நீர் கல்லுக்குள் இறங்கும், ஆகவே கல் போட்டால் ஈரம் வேருக்கு இன்னும் அருகில்தான் வந்து நிற்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஓலைகளைப் பருத்தித் துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு செடியையும் தண்டைப் பிடித்துத் தூக்காமல் மண்ணோடு பின்னிக்கிடக்கும் வேர்க்கட்டின் அடியில் கைகொடுத்துத் தாங்கிய சகோதரிகள் இருவருக்கும் நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். பனையினத்தில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். அது ஒடிந்தால் அந்தத் தண்டு மீள்வதில்லை. புதராக வளரும் அரிகா என்ற வகையில் ஒன்று போனாலும் மற்றத் தண்டுகள் நிற்கும், ஒற்றைத் தண்டாக நிற்கும் கென்டியா வகைக்கோ அதுவே முடிவு. பதினொன்றில் ஒரு குருத்துகூட ஒடியவில்லை.

நீங்கள் வருவதற்குமுன் அவசரப்பட்டு ஒரு கென்டியாவை நான் இழுத்து எடுத்ததில், வடிகால் துளைகள் வழியே வெளியே வளர்ந்திருந்த வேர்கள் அறுந்துபோயின. எஞ்சிய தொட்டிகளை இழுக்கவே விடாமல், பிளாஸ்டிக்கைப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெட்டிப் பிரித்துக் கொடுத்த தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பனையினம் சிலவற்றில் அறுபட்ட வேர் மீண்டும் கிளைக்காது. தண்டின் அடியிலிருந்து புதுவேர் புறப்பட்டுத்தான் செடி தேற வேண்டும். வேர்க்கட்டை உதறவோ பிரிக்கவோ வேண்டாம், வந்தபடியே வைத்துவிடலாம் என்று நீங்கள் வற்புறுத்தியது அத்தனை சரி.

தென்னை நார்த்தூள், பெர்லைட் எனும் இலேசான வெண்கல் துகள், மணல், மட்கிய உரம் ஆகியவற்றைக் கலந்து தந்த நண்பர்களுக்கும், தொட்டியின் விளிம்பில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு செடியும் முன்பிருந்த ஆழத்திலேயே நிற்கிறதா என்று பதினொரு முறையும் குனிந்து பார்த்த பெரியவருக்கும் என் வணக்கம். ஆழம் கூடினால் தண்டின் அடி அழுகிவிடும் என்பதால் இரண்டு செடிகளை வெளியே எடுத்து மறுபடியும் வைக்கச் சொன்னீர்கள். அந்த இரண்டும் இன்று நன்றாக இருக்கின்றன.

நீங்கள் சொன்னபடியே முதல் சில வாரங்கள் நேர்வெயில் படாமல் வைத்தேன். உரம் எதுவும் இடவில்லை. அரிகா ஆறிலும் புதுக்கீற்று விரிந்துவிட்டது. ராபிஸ் எனும் பனைவகை இரண்டும் பசுமை மாறாமல் நிற்கின்றன. நான் வேரறுத்த கென்டியாவில் கீழ்மட்டைகள் இரண்டு பழுத்து உதிர்ந்தன, ஆனால் அதன் குருத்து சென்ற வாரம் ஒரு விரற்கடை உயர்ந்திருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
உங்கள் அண்டை வீட்டார்