+ குறிக்கு ஒரு வேலை போதும்

புதிய நிரல்மொழிகளை வடிவமைப்போருக்கு,

வணக்கம். உங்கள் மொழியின் இலக்கணத்தை முடிவு செய்வதற்கு முன்பு, கூட்டல் குறியைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன்.

கட்டணப் படிவம் ஒன்றுக்காக ஜாவாஸ்கிரிப்டில் நான் எழுதிய நிரலில், 10, 5 என்று உள்ளிட்டால் மொத்தம் 105 என வந்தது. படிவப் பெட்டியிலிருந்து வருவது எண்ணல்ல, எழுத்துகளின் தொடரான சரம் என்பதை மறந்தது என் பிழைதான். ஆனால், அடுத்த வரியில் தள்ளுபடியாக 2 கழிந்து 103 என்ற விடை எவ்விதத் தடையுமின்றி வந்துவிட்டதால், பிழை எங்கே நுழைந்தது என்பது கண்ணில் படவேயில்லை. அம்மொழியில் + குறியின் ஒரு பக்கம் சரம் இருந்தாலே போதும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கழித்தல் குறியோ இரண்டையும் எண்ணாக மாற்றிவிடும்.

நிரல் வரியை இலக்கணப்படி பிரித்துப் பார்க்கும் பார்சருக்கு இந்த வேறுபாடு தெரியாது. 1 + 2 + "3" என்பதையும் "1" + 2 + 3 என்பதையும் அது இடமிருந்து வலமாக ஒரே வடிவில்தான் பிரிக்கிறது. ஓடும்போது முன்னது "33" ஆகிறது, பின்னது "123" ஆகிறது. நிரலை வாசிப்பவருக்கும் பார்சருக்கு உள்ள கண்தானே இருக்கிறது?

பெர்ல் மொழி, சரங்களை ஒட்டும் இணைப்புக்குப் புள்ளியையும் கூட்டலுக்கு + குறியையும் தனித்தனியே வைத்தது. பைத்தான், சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுகிறது. இரண்டில் எதை நீங்கள் ஏற்றாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் குறியைப் பிரிப்பதோடு வேலை முடிவதில்லை. பிஎச்பி மொழியில், எதை முதலில் செய்வது என்று சொல்லும் முன்னுரிமை, புள்ளிக்கும் + குறிக்கும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்ததால், "மொத்தம்: " . 2 + 3 என்று எழுதினால் முதலில் "மொத்தம்: 2" என்று ஒட்டி, அந்தச் சரத்தை 0 எனக் கொண்டு, 3 என்று விடை தந்தது, 2020இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் கூட்டல் முந்தியது. ஆகவே இணைப்புக் குறியின் முன்னுரிமை, எண்கணிதக் குறிகளுக்குக் கீழே இருக்கட்டும்.

சரத்தை எண்ணாக்கும் வேலையை, நிரலாளர் பெயர் சொல்லி அழைக்கும் செயற்கூறு மட்டுமே செய்யட்டும்; "12அ" போன்றவற்றில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அது பிழையை அறிவிக்கட்டும். வெற்றுச் சரத்தை ஜாவாஸ்கிரிப்டைப் போல 0 ஆக்கிவிடாதீர்கள். பெட்டியை நிரப்பாமல் விட்டவரும் அதில் சுழியம் இட்டவரும் ஒரே விடையைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர்