அந்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றிங்க

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், எங்க கம்பெனி கட்டிங் செக்சன் தம்பி ஒருத்தன் விழுந்து கிடந்தப்ப வண்டிய நிறுத்துன அண்ணா, இது உங்களுக்குத்தானுங்க.

குடிச்சிருக்கான்னு எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க. கொரகொரன்னு குறட்டை, நீலம் பாஞ்ச உதடு, குண்டூசி முனையாட்டம் சுருங்குன கண்மணி. டேபெண்டடால் வலி மாத்திரையக் கரைச்சு ஊசியில ஏத்தியிருக்கான், மூச்சு அடங்குதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. உப்புத்தண்ணி ஊத்த வந்தவரத் தடுத்தீங்க. மயக்கத்துல ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும். 108க்குப் பேச ஒருத்தர ஏவிட்டு, தாடையத் தூக்கி, மூக்கப் பொத்தி, அஞ்சு நொடிக்கு ஒருக்கா வாயில ஊதுனீங்க. ஒவ்வொரு ஊதலுக்கும் நெஞ்சு ஏறுதான்னு தலையச் சாச்சுப் பாத்தது கண்ணுலயே நிக்குது. மூச்சு திரும்புனதும் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்க.

ஆஸ்பத்திரியில அந்த மாத்திரையோட வேகத்த முறிக்கற நலாக்சோன் மருந்து போட்டதும் எந்திரிச்சு, வீட்டுக்குப் போறேன்னான். நீங்க விடல. நலாக்சோன் வேகம் அரைமணியிலிருந்து ஒன்றரை மணிக்குள்ள இறங்கிரும், மாத்திரை உள்ளயே இருக்கும், மறுபடி மூச்சு நிக்கலாம்னு சொல்லி விடியற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. வாடகை வாங்கல, பேரும் சொல்லல.

ரெண்டு மாசம் நிறுத்தியிருந்தவன் பழைய அளவையே எடுத்திருக்கான். உடம்பு பழைய மாதிரி தாங்காதுன்னு அவனுக்குத் தெரியல. நீங்க எழுதிக் குடுத்த போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசுனோம். இப்ப டாக்டர் மேற்பார்வையில போதைப் பழக்கத்த விட உதவுற புப்ரெனார்பின் மருந்து எடுக்கறான், வேலைக்கும் வர்றான்.

அவங்கம்மா உங்கள ஒருக்கா பாக்கோணும்ங்கறாங்கண்ணா.