ஜனவரி புத்தகக் காட்சிக்கான ஓவியப் பணிகளைத் திட்டமிடுதல் குறித்து

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கமான பபாசி பொங்கலையொட்டி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியை இலக்காகக் கொண்டே தமிழ்ச் சிறார் நூல்கள் பல திட்டமிடப்படுவதால், செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஓவியர்களான நம்மில் பலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நூல்கள் வந்து சேர்வதும், கோடையில் வேலையே இல்லாமல் போவதும் வழக்கமாகிவிட்டன. சிவகாசி அச்சகங்கள் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்காட்டி, டைரி வேலைகளில் மூழ்கியிருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு, அச்சுக்குச் செல்லும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட பிறகே புதிய பணிகளை ஒப்புக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கதையின் இறுதி வடிவம் கைக்கு வராமல் வண்ணம் தீட்டத் தொடங்க வேண்டாம். 32 பக்கப் படநூலில் ஒரு பத்தி இடம் மாறினாலும், எதிரெதிர்ப் பக்கங்களில் விரியும் ஓவியங்கள் அடுத்தடுத்துக் குலைந்துவிடும். எனவே பென்சில் வரைவுகளுக்கு எழுத்தாளர், பதிப்பாசிரியர் இருவரின் ஒப்புதலையும் எழுத்து வடிவில் பெறுவது அவசியம். காலம் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்த வரைவுக் கட்டமே என்பது மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் குழந்தை பார்த்துச் சிரிக்கும் சின்னஞ்சிறு விவரங்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கக்கூடும் என்பதால், மாதிரி அச்சைப் பார்த்துத் திருத்தவும் சில நாட்களை ஒதுக்குங்கள்.

ஒப்பந்தத்தில் கதை தாமதமானால் ஓவியக் கெடுவும் அதே அளவு நீளும் என்ற வரியைச் சேர்க்கக் கோருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் பணி ஏற்க இயலும் உறுப்பினர்கள் தங்கள் பெயரை இங்கே பதிவிட்டால், பதிப்பகங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்போம்.