படத்தில் இரண்டு தவறுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபுளோரின் சேர்மங்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். நான் வேதியியல் ஆசிரியர். மாணவர்கள் வாங்கிப் படிக்கும் இதழ் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெள்ளீய டெட்ராஃபுளோரைடை (ஒரு வெள்ளீயத்துக்கு நான்கு ஃபுளோரின்) நான்முகி வடிவத்தில், அதாவது நடுவில் வெள்ளீயமும் நான்கு மூலைகளில் ஃபுளோரினுமாக, தனி மூலக்கூறாக வரைந்திருக்கிறீர்கள். அது ஃபுளோரினுக்குப் பதில் குளோரின் உள்ள டெட்ராகுளோரைடுக்குப் பொருந்தும் படம். டெட்ராகுளோரைடு அறை வெப்பநிலையில் திரவம். மூடியைத் திறந்தாலே ஈரக்காற்றில் புகையும். எடை கூடிய அயோடைடுகூட 144 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிறது. ஃபுளோரைடோ 700 டிகிரி வரை திடமாகவே இருக்கிறது. தனித்தனி மூலக்கூறுகளாக இருந்தால், வெள்ளீயத்தின் நான்கு ஹாலைடுகளிலும் (ஃபுளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு) லேசான இதுதானே முதலில் உருக வேண்டும்?

உண்மையில் ஒவ்வொரு வெள்ளீய அணுவையும் ஆறு ஃபுளோரின் அணுக்கள் எண்முகியாக (எட்டு முகமும் ஆறு மூலையும் கொண்ட வடிவம்) சூழ்கின்றன. பக்கவாட்டில் உள்ள நான்கும் அக்கம்பக்கத்து வெள்ளீயங்களோடு பங்கு. மேலும் கீழும் உள்ள இரண்டு மட்டும் சொந்தம். பங்கான நான்கும் பாதிப் பாதியாக இரண்டு, அதோடு சொந்தமான இரண்டு. வாய்பாட்டின் நான்கு இப்படித்தான் வருகிறது. சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்கள் மூலைக்கு மூலை தொட்டு நிற்குமே, அப்படி ஒரு தளம் விரிகிறது. தளத்தின் மேல் தளமாக அடுக்கினால் படிகம். பங்கு போட்ட ஃபுளோரினின் பிணைப்பு நீளம் 202 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோமீட்டர்), சொந்தமானதன் பிணைப்பு 188. வகுப்பில் காகித எண்முகிகளை மூலைக்கு மூலை நூலால் கோத்துக் காட்டுவேன். ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பதும் கூடவே எழும்; அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

சரி, தயாரிப்புக்கு வருகிறேன். டெட்ராகுளோரைடோடு நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடு வினைபுரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறிவிடுவதால் வினை தொடர்ந்து நடக்கிறது. வெள்ளைத் திடப்பொருள் மிஞ்சும். அது ஈரத்தை இழுத்துச் சிதையும், அதனால் கடைசிவரை தண்ணீர் படக்கூடாது. இதையெல்லாம் கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால் படத்தில் இருப்பது கண்ணாடிக் குடுவை! ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியை அரித்துவிடும். டெஃப்ளான் போன்ற கலன்தான் வேண்டும். தோலில் பட்டால் சில நேரம் உடனே வலிகூடத் தெரியாது, அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த எச்சரிக்கை கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இடம் குறைவென்றால் முதலில் குடுவையையும் எச்சரிக்கையையும் போடுங்கள். அணுக்களின் படம் அப்புறம் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்