கோபி போய்த் திருப்பூர் வந்தது

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். சைக்கிள் கடை அண்ணன் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், நீ வராவிட்டால் அவர் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும்.

எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்துத் தொகுதி மறுவரையறை என்று பேச்சு. தமிழ்நாட்டின் 39 எம்.பி. இடம் என்ன ஆகும் என்பதுதான் டீக்கடை வரைக்கும் விவாதம். எனக்கும் அந்தக் கவலை உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே பின்னுக்குப் போவது அநியாயம். ஆனால் எண்ணிக்கை 39 ஆகவே இருந்தும், 2008-ல் தொகுதி எல்லைக் கோட்டை மட்டும் மாற்றிப் போட்டு நம் பக்கம் என்ன செய்தார்கள் என்பதை ஒருத்தரும் பேசக் காணோம்.

பழைய கோபிச்செட்டிபாளையம் பாராளுமன்றத் தொகுதியில் என்னென்ன சட்டமன்றத் தொகுதி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி, சத்தி, பவானிசாகர். சத்தியமங்கலம் சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. பவானிசாகரைத் தூக்கி நீலகிரியில் வைத்தார்கள். மிச்சம் நாலையும், கோயமுத்தூரில் இருந்த உங்கள் திருப்பூரை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கி அதோடு சேர்த்து, ‘திருப்பூர்’ என்று புதுத் தொகுதி. ஆறில் நாலு எங்களுடையது, பெயர் மட்டும் உங்களுடையது! பனியன்காரர்கள் எதிலும் லாபம் பார்த்துவிடுவீர்கள்.

2009 தேர்தலில் எங்கள் வீதிச் சுவரில் சுண்ணாம்பு அடித்துப் ‘திருப்பூர் பாராளுமன்றத் தொகுதி’ என்று எழுதினார்கள். ஒரே பூச்சு. வெயில் ஏற ஏற, பழைய ‘கோபி’ அடியிலிருந்து நீலமாகத் தெரிந்தது. அப்பிச்சி அதன் முன்னால் நின்று, “நமக்கும் திருப்பூருக்கும் என்னடா சம்பந்தம்?” என்றார். பழனி தொகுதியும் அப்போது காணாமல் போனதால், அங்கே எம்.பி.யாக இருந்த கார்வேந்தன் காங்கிரசுக்காக இங்கே வந்து நின்றார். ஜெயித்தது அ.தி.மு.க. சிவசாமி. 2014-ல் சத்தியபாமா. 2019-லும் 2024-லும் கம்யூனிஸ்ட் சுப்பராயன். அவர் 2004-ல் கோயமுத்தூர் எம்.பி. ஆனபோதே உங்கள் ஊர் அவர் தொகுதிதான், உங்களுக்கு அவர் பழைய ஆள். எங்களுக்குத்தான் எல்லாம் புதிது.

யார் ஜெயித்தார் என்பது எனக்குப் பெரிதில்லை மாப்ள. யாராக இருந்தாலும் ஒரே ஆள் காலையில் நூல் விலை, ஜி.எஸ்.டி., ஏற்றுமதி என்று பேசிவிட்டு, மத்தியானம் பர்கூர் மலையில் ரோடு, யானை, பட்டா என்று பேச வேண்டும். மலையிலிருந்து ஒருத்தர் மனு கொடுக்கத் திருப்பூர் போக வேண்டுமென்றால் அந்தியூர் இறங்கி, பஸ் மாறி, போய்ச் சேர்வதற்குள் அன்றைய கூலி போயிற்று.

உன் கதை இன்னும் மோசம். பவர்டேபிள் தையல் யூனிட் போட்டிருப்பது திருப்பூரில், வீடு அவிநாசியில். கம்பெனிக்கு ஒரு எம்.பி., வீட்டுக்கு நீலகிரி எம்.பி. உங்கள் மாவட்டமே அப்படித்தான்: பல்லடம் கோயமுத்தூரோடு, காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடு, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடு. ஒரு மாவட்டத்துக்கு ஐந்து எம்.பி. தொகுதி. ஏனென்றால் கோடு போட்டு முடித்த மறு வருஷம்தான், 2009-ல், மாவட்டமே பிறந்தது. கோடு போட்ட குல்தீப் சிங் கமிஷன் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வேலை பார்த்தது, நாளைக்கு வரப்போகும் மாவட்டம் அதன் கண்ணில் எப்படிப் படும்?

நொய்யல் ஆற்றை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கோயமுத்தூரில் கிளம்பி, திருப்பூரில் சாயத்தை வாங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. சாயம் விடும் ஊருக்கு ஒரு எம்.பி., அந்தத் தண்ணீரில் வயலை இழந்தவர்களுக்கு வேறு எம்.பி. 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது உன் மாமா பட்டறையும் நின்றது, அணைக்குக் கீழே என் சித்தப்பா தென்னையும் காய்ந்து நின்றது. இரண்டு பேர் கஷ்டத்தையும் டெல்லியில் ஒரே வாய் சேர்த்துப் பேச வழியே இல்லாமல் போயிற்று.

அதனால் இந்த முறை சும்மா இருக்கக் கூடாது. போன தடவை தொகுதி எல்லை வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொது விசாரணையும் வைத்தார்கள். நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? இறுதி ஆணை வந்துவிட்டால் கோர்ட்டிலும் கேள்வி கேட்பது ரொம்பக் கஷ்டம். பேச வேண்டியதை வரைவு வரும்போதே பேசியாக வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பஸ், எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்கு, எந்தச் சந்தைக்கு யார் போகிறார்கள் என்று நான் ஒரு மனு தயார் செய்கிறேன். பவானி, அந்தியூர், கோபிப் பக்கம் என் பொறுப்பு.

அவிநாசி, பல்லடம், காங்கேயம் உன் பொறுப்பு. உன் டெய்லர்களில் யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று முதலில் எழுதி அனுப்பு. ஆவணிக்கு வரும்போது மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
அந்தியூரான்