லோடு எழுதாத ரீடிங்: நடுக்கம் அளக்க வரும் இறுதியாண்டு மாணவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

நடுக்குவாதக்காரர்களின் (பார்க்கின்சன் நோயாளிகளின்) கைநடுக்கத்தை சென்சார் வைத்து அளப்பதைக் கடைசி வருட புராஜெக்டாக எடுத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. நான் சொல்ல, என் மனைவி டைப் செய்கிறாள்.

ஒன்றரை வருடத்தில் மூன்று குழுக்கள் என் வீட்டுக்கு வந்து போயின. மூன்றும் வேறு வேறு கல்லூரி, ஆனால் கையுறை மட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றேதான். துணிக் கையுறை, அதன் மேல் அசைவை அளக்கும் ஒரு எம்பியு 6050 சில்லு, அதைப் படிக்க அர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை, நாலைந்து ஒயர். "அங்கிள், கையை நீட்டுங்க. பத்து செகண்ட் அப்படியே வைங்க." நீட்டினேன். திரையில் 'லேசான நடுக்கம்' என்று வந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். காபி வந்தது, ஒயரைச் சுருட்டினார்கள், நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். உடனே வலது கை ஆட்டத்தை ஆரம்பித்தது. அவர்கள் செருப்பு மாட்டும்வரை நிற்கவில்லை. யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

எனக்கு இருப்பது சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம். கையை நீட்டினால் அடங்கிவிடும். நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தால், சில நொடிகள் கழித்துத் திரும்பத் தலைகாட்டும். உங்கள் பத்து செகண்ட் பெரும்பாலும் அந்த அமைதியான இடைவெளியிலேயே முடிந்துபோகிறது.

நான் ஒரு அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் அதிர்வு அளந்தவன். டர்பைன், மில், ஃபேன் என்று ஒவ்வொரு பேரிங்கிலும் அதிர்வை உணரும் ப்ராபை வைத்து, படுக்கையாக ஒன்று, நெட்டாக ஒன்று, தண்டின் போக்கில் ஒன்று என்று மூன்று திசையிலும் ரீடிங் எடுப்போம். டர்பைன் 3000 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 50 சுற்று, 50 ஹெர்ட்ஸ். என் கை நொடிக்கு ஏறக்குறைய 5 தடவை ஆடுகிறது. கணக்குப் போட்டால் நான் ஒரு 300 ஆர்பிஎம் மெஷின். (இந்த ஜோக்கை டாக்டரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.) நடுக்குவாதத்தில் சும்மா இருக்கும் கையின் நடுக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரீடிங் ஷீட்டை ஃபோர்மேனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் கண்ணெதிரே கிழித்தார். "எத்தனை மெகாவாட் லோடில் எடுத்தாய்னு எழுதலையே. லோடு எழுதாத ரீடிங் ரீடிங்கே இல்லை." உங்களிடம் நான் சொல்ல வந்ததும் இதுதான். கை என்ன நிலையில் இருந்தது, மாத்திரை எப்போது போட்டது, அதுதான் என் லோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணால் பார்த்தே மார்க் போடுகிறார். அந்த அளவுகோலின் இப்போதைய வடிவம் 2008-ல் வந்தது, எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ் என்பார்கள். நடுக்கமே இல்லையென்றால் 0. கை ஆடும் அகலம் ஒரு சென்டிமீட்டர் வரை என்றால் 1, மூன்று வரை 2, பத்து வரை 3, அதற்கும் மேலே போனால் 4. ஆனால் அதில் நீட்டிய கைக்குத் தனி மார்க், மூக்கைத் தொட்டு எடுக்கும் கைக்குத் தனி, மடியில் கிடக்கும் கைக்குத் தனி. பரிசோதனை நேரத்தில் எவ்வளவு பங்கு நடுக்கம் இருந்தது என்பதற்கும் ஒரு மார்க் உண்டு. வெறும் கண்ணால் பார்ப்பவரே லோடை எழுதிவிடுகிறார். உங்கள் கையுறைதான் லோடு எழுதும் அந்தக் கட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டது.

அந்தப் படிகளை இன்னொரு தடவை பாருங்கள். 1, 3, 10. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கண்ணுக்குத் தெரிவது வித்தியாசம் இல்லை, விகிதம். டாக்டர் போடும் மார்க் நடுக்க அகலத்தின் லாகரிதத்தோடு ஒத்துப்போகிறது என்று 2006-ல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. அதனால் 9 சென்டிமீட்டர் நாலரையாகக் குறைந்தாலும் டாக்டரின் தாளில் அதே 3தான். உங்கள் திரையோ 'பாதி குணம்' என்று காட்டும். லாக் எடுத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

அடுத்தது முடுக்கம். நீங்கள் திரையில் காட்டுவது கை எவ்வளவு முடுக்கத்தில் ஆடுகிறது என்பதை. டாக்டர் பார்ப்பது எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதை. 5 ஹெர்ட்ஸில் இந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் ஆடும் கையின் உச்ச முடுக்கம் கிட்டத்தட்ட 9.9 மீட்டர்/நொடி², அதாவது ஏறக்குறைய ஒரு ஜி, புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு. 10 ஹெர்ட்ஸில் அதே எண் வர கால் சென்டிமீட்டர் ஆடினால் போதும். அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து, அதன் வர்க்கத்தால் வகுக்காமல் 'கடுமை' என்று எதையும் எழுதக்கூடாது. இது உங்கள் முதல் வருடப் பாடம்தானே!

புவியீர்ப்பும் உள்ளே புகுந்துவிடும். என் விரல்கள் மாத்திரை உருட்டுவது போல் ஆடும், கூடவே முன்கையும் தன் அச்சில் இப்படியும் அப்படியும் புரளும். சில்லு 30 பாகை சாய்ந்தாலே, கை நகராவிட்டாலும், ஓர் அச்சில் அரை ஜி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே சில்லுக்குள் கைரோஸ்கோப் சும்மா கிடக்கிறது. புரளும் வேகத்தை நேராகச் சொல்லும், புவியீர்ப்புத் தொல்லை அதற்குக் கிடையாது. மூன்று குழுவில் ஒன்றுகூட அதில் ரீடிங் எடுக்கவில்லை. ஒரு குழு முடுக்கம் அளக்கும் ஆக்சிலரோமீட்டரிலும் ஒரே ஓர் அச்சைத்தான் எடுத்தது. என் ஃபோர்மேன் இருந்திருந்தால் கையுறையையே கிழித்திருப்பார்.

சரி, திட்டுவது போதும். உண்மையில் உங்கள் கருவி எனக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறேன், பத்து நிமிடம். பஸ்ஸில் போகவேண்டுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். உள்ளே கூப்பிடும்போது அந்த மாத்திரையிலுள்ள லெவோடோபா மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும், கையும் சமர்த்தாக இருக்கும். அடுத்த மாத்திரைக்கு முக்கால் மணி முன்னால் வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று டாக்டர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய நேரம் அதுதான். ஆப்பிள் வாட்சை வைத்து நடுக்கத்தை நாள் முழுக்கக் கணக்கிடும் முறை 2021-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. மறுவருடமே அதை ஒட்டிய செயலிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்துவிட்டது. மெல்பர்னில் உருவான பிகேஜி என்ற மணிக்கட்டுக் கருவி மாத்திரை நேரத்தில் அதிர்ந்து நினைவூட்டும், போட்டுக்கொண்டதையும் பதிந்துகொள்ளும். லோடும் ரீடிங்கும் ஒரே தாளில். எனக்கு இந்த வளைகோடு வேண்டும், ஒற்றை மார்க் வேண்டாம்.

நாள் முழுக்க அளந்தால் வேறு வம்பும் வரும். பல் தேய்ப்பது, தயிர் கடைவது, பஸ் நின்றுகொண்டு உறுமுவது எல்லாமே நடுக்கம் போலத் தெரியும். நல்ல கையை வைத்திருக்கும் நண்பனை ஆட்டச் சொல்லி எடுத்த டேட்டாவில் இதற்கு விடை கிடையாது. அப்புறம், கடிகாரத்தை எல்லோரும் இடது கையில் கட்டுகிறார்கள். எனக்கு நோய் வலது பக்கம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கை நடுங்கும். அவருக்கு நடுக்குவாதம் இல்லை. சும்மா இருந்தால் கை அமைதி, டம்ளரைத் தூக்கினால்தான் ஆட்டம். என் காபி சிந்துவதில்லை, அவருடையது சிந்துகிறது. நாங்கள் இருவரும் ஒரே எண்ணைக் காட்டினால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்? என்னை வதைப்பது மந்தம், அசைவே மெதுவாகிப்போனது. சட்டைப் பொத்தான் போட ஆறு நிமிடம் ஆகிறது. நடுக்கமே இல்லாமல் இந்த நோய் வருபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் திரையில் பூஜ்யம் வாங்குவார்கள். புராஜெக்ட் தலைப்பில் 'நோயின் கடுமை' என்று போடாமல் 'நடுக்கத்தின் அளவு' என்று மட்டும் போடுங்கள்.

அடுத்த குழு காலை பத்தரைக்கு வரட்டும். எட்டு மணி மாத்திரையின் வேகம் அப்போது இறங்க ஆரம்பிக்கும். பகல் முழுக்க இருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள், நடுக்கம் தானாக வெளியே வரும். மாத்திரை நேரத்தை மனைவி குறித்துக்கொடுப்பாள், என் கையெழுத்து எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிட்டது. கையுறை வேண்டாம், அதற்குள் விரலை நுழைக்கவே எனக்குப் பாதி உயிர் போகிறது. ஒட்டும் பட்டை வைத்த வார் போதும். வலது கைக்கு.