எண் கோட்பாட்டு ஆய்வாளருக்கு எச்-இண்டெக்ஸ் அளவுகோல் பொருந்தாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துத் தயாராகும் உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியல் வெளிவந்ததும் நம் மாவட்டப் பேராசிரியர்களின் பெயர்கள் நாளிதழில் இடம்பெறுகின்றன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கையோடு, 'கணிதத் துறையில் ஏன் ஒருவர்கூட இல்லை?' என்ற கேள்வியும் எழுகிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் மின்கலப் பொருள்களை ஆராய்பவரையும் முழு எண்களின் பண்புகளைப் பேசும் எண் கோட்பாட்டை ஆராய்பவரையும் எச்-இண்டெக்ஸ் போன்ற ஒரே மேற்கோள் அளவுகோலால் அளப்பது, துணியைப் படியால் அளக்கிற கதை.

ஒருவரின் கட்டுரைகள் முறையே 40, 12, 9, 6, 5, 3 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. அதாவது, ஐந்து கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து மேற்கோள்கள் பெற்றுள்ளன. முதல் கட்டுரை 40 பெற்றாலும் 4,000 பெற்றாலும் அந்த 5 மாறாது. எண் கோட்பாட்டில் ஒருவரின் வாழ்நாள் பெருமை பெரும்பாலும் அந்த முதல் கட்டுரையில்தான் இருக்கிறது.

எண் கோட்பாட்டாளர் எஸ்.எஸ்.பிள்ளையைப் பாருங்கள். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-ல் நிறுவினார். 73-க்குக் குறைத்தால் ஏன் போதாது என்பதை 703 காட்டிவிடும். 3-இன் ஆறாம் அடுக்கு 729, அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே 2-இன் ஆறாம் அடுக்கான 64-உம் 1-உம் மட்டுமே கைவசம். பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று 1. மொத்தம் 73. இதைப் பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் மலை.

1 முதல் n வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் n-க்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டும் சார்பை 1933-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலேயே எழுதினார். 6-க்கு அது 1+2+3+2+1+6=15. இன்றும் அது 'பிள்ளை சார்பு' என்றே வழங்குகிறது. ஆனால் ஒரு முடிவுக்குப் பெயர் நிலைத்துவிட்டால் பலரும் பெயரைச் சொல்லிவிட்டு மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதில்லை. மேலும் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸில் மேற்கோள்கள் முறையாகக் கிடைப்பதே 1970-க்குப் பிறகுதான். 4, 8, 9 போன்ற அடுக்கெண்களில் இரண்டின் வித்தியாசமாகக் குறிப்பிட்ட ஓர் எண் முடிவுள்ள தடவைகளே வரும் என்ற பிள்ளையின் ஊகத்தில், வித்தியாசம் 1 ஆகும் வகை மட்டும் 2002-ல் மிஹைலெஸ்குவால் தீர்ந்தது. மற்றவை இன்னும் திறந்தே கிடக்கின்றன.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களைக் காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே எண்ணுகிறது. எண் கோட்பாட்டுக் கட்டுரையை நடுவர் வரிவரியாகச் சரிபார்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதைப் படித்து இன்னொருவர் எழுதி, அதுவும் அச்சேறுவதற்குள் அந்தக் கணக்கு மூடிவிடும். 'ஜர்னல் ஆஃப் நம்பர் தியரி' போன்ற மதிப்புள்ள இதழுக்கே இம்பாக்ட் ஃபேக்டர் 1-க்குக் கீழ்தான். கணிதக் கட்டுரைத் தரவுத்தளமான மேத்சைநெட்டின் எம்சிகியூ என்ற இதழ் அளவுகோல் ஐந்தாண்டு பார்க்கிறது. மதிப்பீட்டுக் குழுக்கள் அதையாவது கேட்கட்டும். கணிதத்தில் மேற்கோள்கள் குறைவென்பதால் சிறிய செயற்கை உயர்வும் தரவரிசையைப் புரட்டிவிடும் என்று இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனமே 2023-ல் தன் உயர் மேற்கோள் பட்டியலிலிருந்து கணிதத்தை நீக்கியது.

இன்னொரு அநியாயம் பெயர் வரிசை. எண் கோட்பாட்டில் ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் வருவதே வழக்கம். 2018 யுஜிசி விதிப்படி இரண்டு பேருக்கு மேல் எழுதினால் அந்தக் கட்டுரைக்கான மதிப்பெண்ணில் முதல் அல்லது பொறுப்பாசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30. ஆங்கிலத்தில் 'வி' எழுத்தில் தொடங்கும் வள்ளியப்பன்கள் பொறுப்பாசிரியராக இல்லாவிட்டால் எந்நாளும் 30-தான் பெறுவார்கள். 'பெயர்கள் அகர வரிசையில், பங்களிப்பு சமம்' என்று கூட்டாசிரியர்கள் கையெழுத்திட்ட ஒரு தாளை விண்ணப்பத்தோடு இணைப்பது நல்லது. குழுக்களும் அதை ஏற்க வேண்டும்.

செட்டிநாட்டு இனிஷியல்களால் வரும் சிக்கல் தனி. 'ராம.' என்ற ஒரே இனிஷியலை ஆங்கிலத்தில் 'ஆர்எம்.' என்று எழுதுகிறோம். தரவுத்தளம் அதை ஆர்., எம். என இரண்டாகப் பிரித்துவிடும். அடுத்த கட்டுரையில் தந்தை பெயரை விரித்து எழுதினால் மூன்றாவது ஆள் முளைப்பார். மேற்கோள்களும் மூன்று பேருக்குச் சிதறும். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் வாங்கி, ஒரே எழுத்துக்கூட்டலை ஆய்வேடு முதல் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சிதறியிருந்தால் ஸ்கோபஸின் ஆசிரியர் திருத்தப் பக்கத்தில் பக்கங்களை இணைக்கக் கோரலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

அழகப்பச் செட்டியார் 1950-ல் சென்னையில் ராமானுஜன் கணித நிலையத்தைத் தொடங்கி எண் கோட்பாட்டாளர் டி.விஜயராகவனை இயக்குநராக அமர்த்தியது, விஜயராகவன் கணிதத்தில் எதை நிறுவினார் என்பதை அறிந்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் இருக்க முடியும். அன்று எச்-இண்டெக்ஸே கிடையாது. இன்றைய தேர்வுக் குழுக்களும் விண்ணப்பதாரரிடம் மூன்று கட்டுரைகளைக் கேட்கட்டும். ஒவ்வொன்றிலும் எது நிறுவப்பட்டது, அதற்கு முன் எதுவரை தெரிந்திருந்தது, பின்னர் யார் அதைக் கையாண்டார் என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லட்டும். அதை அதே துறையைச் சேர்ந்த வெளியாள் ஒருவர் படித்துச் சொல்லட்டும்.

கணித ஆசிரியர்கள்,
காரைக்குடி